காற்றை அளந்து குடிக்கும் அடுப்பு

1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எட் ஃபிஷர் என்பவர் சிறிய கடை ஒன்றைத் திறந்தார். முக்கியச் சரக்கு பச்சின்கோ. எஃகுக் குண்டுகள் ஆணிகளுக்கிடையே தடதடவென்று உருண்டு விழும் ஜப்பானிய விளையாட்டு இயந்திரம் அது. கூடவே, ஜப்பானிலிருந்து வரவழைத்த சுட்டமண் அடுப்புகள் சிலவும் இருந்தன. தெருவில் போகிறவர்களை உள்ளே இழுப்பதற்காக அவற்றில் ஒன்றில் கோழி இறக்கைகளைச் சுட்டுக்கொண்டிருப்பாராம். வாசனை பிடித்து வந்தவர்களில் பலர் பச்சின்கோவை விட்டுவிட்டு அடுப்புக்கு விலை கேட்டார்கள். கொஞ்ச காலத்தில் ஃபிஷர் அடுப்பு வியாபாரியாகவே ஆகிவிட்டார். முட்டை வடிவ அடுப்புக்குப் பச்சை வண்ணம் பூசி, ‘பிக் கிரீன் எக்’ என்று பெயரும் வைத்தார்.

‘கமாடோ’ எனப்படும் இந்த வகை அடுப்பை அமெரிக்கர்கள் அதற்கு முன்பே பார்த்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் இருந்த படைவீரர்கள், மூடியோடு கூடிய களிமண் அடுப்புகளைக் கண்டு மயங்கி ஊருக்குத் தூக்கி வந்தார்கள். அவை நன்றாகச் சமைத்தன. ஆனால் சில ஆண்டுகளில் விரிசல் விட்டன. ஃபிஷர் ஆரம்பத்தில் விற்றவற்றுக்கும் அதே கதிதான். பிறகு சாதாரணக் களிமண்ணை விட்டுவிட்டு, சூட்டில் மிகக் குறைவாக விரியும் பீங்கான் கலவைக்கு மாறியபோதுதான் இது பல ஆண்டுகள் வெயிலிலும் பனியிலும் கொல்லைப்புறத்தில் நிற்கக்கூடிய பொருளாயிற்று.

அமெரிக்கக் கொல்லைப்புறத்தில் அதற்குள் வேறொரு வட்ட அடுப்பு இடம் பிடித்திருந்தது. 1952இல், சிகாகோ பக்கம் கடல் மிதவைகள் செய்யும் வெபர் சகோதரர்கள் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், ஒரு மிதவையை இரண்டாக வெட்டிக் கால் பொருத்தி மூடி போட்டு உருவாக்கிய கெட்டில் கிரில் அது. மெல்லிய எஃகு, ஒருவரே தூக்கி வண்டியில் போட்டுவிடலாம். கமாடோவிடம் அந்தப் பேச்சே கிடையாது. 18 அங்குலத்துக்குச் சற்று மேல் விட்டமுள்ள கம்பித் தட்டு கொண்ட ‘லார்ஜ்’ அளவே 70 கிலோவைத் தாண்டும். அதைவிடப் பெரியவை 100 கிலோவைத் தொட்டும் கடந்தும் போகும். கடைக்காரர் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கிவிட்டுப் போனதும் வாங்கியவர் செய்யும் முதல் காரியம், பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு அழைப்பதுதான்.

பாகங்களைப் பொருத்தும் வேலையில் வரிசைமுறை முக்கியம். முதலில் இரும்புத் தாங்கி. அதன்மேல் பீங்கான் அடிப்பாகம். அடிப்பாகத்துக்குள் நெருப்புத் தொட்டி இறங்கும். தொட்டியின் அடியில் உள்ள திறப்பு, வெளிச்சுவரின் காற்றுக் கதவுக்கு நேராக நிற்க வேண்டும். சற்றே திரும்பியிருந்தாலும் காற்று முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்ளும். அதன்மேல் வளையம், வளையத்தின்மேல் கம்பித் தட்டு. கடைசியாக மூடி. மூடியையும் அடிப்பாகத்தையும் இரண்டு உலோகப் பட்டைகள் இறுக்கிப் பிடிக்கின்றன. அவற்றை இணைக்கும் கீலில் வலுவான ஸ்பிரிங் இருக்கிறது. அந்த ஸ்பிரிங் தொழிற்சாலையிலேயே அழுத்திக் கட்டப்பட்டு வரும். பட்டைகளை முழுக்க இறுக்கும் முன் அந்தக் கட்டை அறுத்தால், கனமான மூடி நழுவலாம், கீல் விரலைப் பதம் பார்க்கலாம். கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கையேட்டை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

மூடியும் அடிப்பாகமும் சந்திக்கும் விளிம்பில் கம்பளித் துணி போன்ற கேஸ்கட் ஒட்டியிருக்கும். பிரஷர் குக்கர் வைத்திருக்கும் வீட்டில் இதன் வேலையை விளக்க வேண்டியதில்லை. முதல் சில சமையல்களில் சூடு 175 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்பது இதற்காகத்தான். ஒட்டுப்பசை இறுகிப் பிடிப்பதற்குள் அடுப்பைச் செக்கச் சிவக்க ஏற்றினால் கேஸ்கட் உரிந்துவிடும், அல்லது கருகிவிடும். புதிதாக வாங்கியவருக்கு, ஸ்டேக் என்னும் தடித்த இறைச்சித் துண்டை முதல் நாளே பெருஞ்சூட்டில் சுடத்தான் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுப்பை எங்கே நிறுத்துவது என்பதும் சாதாரணக் கேள்வி இல்லை. மரத்தளத்தின்மேலோ மரமேசையின்மேலோ நேரடியாக வைத்தால் அடியிலிருந்து இறங்கும் சூடு மரத்தைக் கருக்கும். இடையில் காற்று புகும்படி தாங்கியோ பீங்கான் கால்களோ வேண்டும். கீழ்க் கதவு வழியாகத் தெறிக்கும் ஒரு கங்கு போதும், தளம் பற்றிக்கொள்ள. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு இந்த அடுப்பு எப்படி மூச்சு விடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கேஸ் அடுப்பில் குமிழைத் திருப்பினால் எரிபொருள் கூடும் குறையும். கமாடோவில் எரிபொருளுக்குப் பஞ்சமே இல்லை. தொட்டி நிறையக் கரி இருக்கிறது. தட்டுப்பாடு ஆக்சிஜனுக்குத்தான். கீழே ஒரு சறுக்குக் கதவு, மேலே பூவிதழ் போலத் துளையிட்ட ஒரு சக்கரம். இந்த இரண்டு வழியாகவும் எவ்வளவு காற்று ஓடுகிறதோ அவ்வளவுதான் கரி எரிய முடியும். கணக்கு எளியது: ஒரு லிட்டர் காற்றில் உள்ள ஆக்சிஜன் முழுவதும் கரியோடு சேர்ந்தால் 3 கிலோஜூலுக்குச் சற்று மேல் வெப்பம் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை முக்கால் டிகிரி சூடாக்க அது போதும். அதற்குமேல் ஒரு துளி வெப்பம் வேண்டுமென்றாலும் இன்னும் காற்று உள்ளே வந்தாக வேண்டும்.

அந்தக் காற்றை உள்ளே இழுப்பது எது? விசிறி எதுவும் இல்லை. உள்ளே 110 டிகிரியில் இருக்கும் காற்று, வெளியே 25 டிகிரியில் இருக்கும் காற்றைவிட இலேசானது: ஒரு கனமீட்டருக்கு 0.92 கிலோ, வெளியே 1.18 கிலோ. இந்த வித்தியாசத்தால் சூடான காற்று மேலே எழ, கீழே வெற்றிடம் நேராமல் புதுக்காற்று நுழைகிறது. கீழ்க் கதவிலிருந்து மேல் துளை வரை அரை மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம் என்று வைத்துக்கொண்டால், இந்த இழுப்பின் அழுத்தம் வெறும் ஒன்றரை பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ அறுபத்தைந்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்தச் சொற்ப இழுப்பை நம்பித்தான் பதினைந்து மணி நேரச் சமையல் நடக்கிறது.

நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசும் சாதாரணத் தென்றல் ஒரு பரப்பில் மோதும்போது 2.4 பாஸ்கல் அழுத்தம் தரும். அடுப்பின் சொந்த இழுப்பைவிட அது பெரிது. கீழ்க் கதவு காற்றுக்கு எதிரே திரும்பியிருந்தால், கதவை எத்தனை மில்லிமீட்டர் திறந்திருக்கிறீர்கள் என்பதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். நேற்று சரியாக நின்ற சூடு இன்று அதே திறப்பில் 30 டிகிரி ஏறி நிற்பதற்கு, புதிதாகப் பழகுகிறவர்கள் கரியைக் குறை சொல்வார்கள். பல நேரம் குற்றவாளி தென்றல்.

இதே கணக்கில் இன்னொரு பொல்லாப்பும் ஒளிந்திருக்கிறது. உள்ளே 350 டிகிரி ஆகிவிட்டால் இழுப்பு மூன்றரை பாஸ்கலைத் தாண்டுகிறது. சூடு கூடினால் இழுப்பு கூடும். இழுப்பு கூடினால் காற்று கூடும். காற்று கூடினால் சூடு இன்னும் கூடும். கவனிக்காமல் விட்ட கமாடோ தானாகவே ஓட்டம் பிடிப்பது இதனால்தான்.

ஓடியதை நிறுத்துவது ஏன் அவ்வளவு கஷ்டம் என்பதற்கு அந்த 70 கிலோ பதில் சொல்லும். கணக்குக்காக 50 கிலோ பீங்கான் 30 டிகிரியிலிருந்து 110 டிகிரிக்கு ஏறுகிறது என்று கொள்வோம். அதற்கு 3,600 கிலோஜூல் வேண்டும். கால் கிலோவில் பாதிக் கரி. அதே பீங்கான் 350 டிகிரி வரை போனால் சுவருக்குள் தேங்கும் வெப்பம் அதன் நான்கு மடங்கு. பீங்கான் எஃகைவிடப் பல மடங்கு குறைவாக வெப்பம் கடத்துவது. தடித்த சுவர் வேறு. உள்ளே சேர்ந்ததை அவ்வளவு சீக்கிரம் வெளியே விடாது. மெல்லிய கெட்டில் கிரிலில் கதவை மூடினால் சில நிமிடங்களில் சூடு இறங்கும். கமாடோவில் கதவை மூடிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தாலும் முள் சோம்பேறித்தனமாகத்தான் நகரும்.

ஆகவே அனுபவசாலிகள் குறியைக் கீழேயிருந்து அணுகுகிறார்கள். 120 டிகிரி வேண்டுமென்றால் 90 டிகிரியிலேயே கீழ்க் கதவை ஒரு விரல் அகலத்துக்குக் குறைத்துவிடுவார்கள்; மேல் சக்கரத்தில் இதழ்களைக் கீற்றளவுக்கு விடுவார்கள்; பிறகு கையைக் கட்டிக்கொண்டு பதினைந்து நிமிடமாவது பார்ப்பார்கள். புதியவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கதவை ஆட்டுகிறார். அவர் இப்போது திறந்ததன் பலன் கால் மணி கழித்துத் தெரியும். அதற்குள் அவர் மூடியிருப்பார், மறுபடி திறந்திருப்பார். முள் மேலும் கீழும் ஊசலாடும். காலதாமதம் உள்ள எந்த அமைப்பையும் அவசரமாகத் திருத்தினால் இதுதான் நடக்கும் என்பது கட்டுப்பாட்டுப் பொறியியலில் பாலபாடம். கீழ்க் கதவில் சிறு விசிறி வைத்துச் சூட்டைத் தானே அளந்து ஊதும் மின்னணுக் கருவிகளும் கடையில் கிடைக்கின்றன. இரவு முழுக்கச் சமைப்பவர்களுக்கு அவை வரம். ஆனால் காற்றுக்கும் முள்ளுக்கும் உள்ள உறவு கண்ணுக்குப் பழகும் முன் அவற்றை வாங்குவது காசுக்குக் கேடு.

அந்த முள்ளையும் அப்படியே நம்பிவிட முடியாது. மூடியில் பொருத்திய வெப்பமானியில் வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகத் தகடுகள் சுருளாகச் சேர்ந்திருக்கும். மூடியைத் தடாலென்று திறந்து மூடினாலே அளவு தவறும். அதன் தண்டைக் கொதிக்கும் நீரில் முக்கினால் 100 டிகிரி காட்ட வேண்டும். பின்புறத் திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் நகரத்தில் செய்தால் 95 டிகிரிதான் சரியான அளவு, ஏனென்றால் அங்கே நீர் அதிலேயே கொதித்துவிடும். தவிரவும் அது காட்டுவது மூடிக்கடியில் உள்ள சூடு. குளிர்ந்த பெரிய இறைச்சித் துண்டு வைத்த முதல் சில மணி நேரத்தில் கம்பித் தட்டின் மட்டத்தில் சூடு கணிசமாகக் குறைவாகவே இருக்கும்.

கரியைப் பற்றி ஒரு வார்த்தை. கமாடோவில் போடுவது விறகைச் சுட்டு அப்படியே எடுத்த கட்டைக்கரி. கெட்டில் கிரில்காரர்கள் விரும்பும் தலையணை வடிவ பிரிக்கெட், கரித்தூளை ஸ்டார்ச் போட்டுப் பிசைந்து அழுத்தியது. அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை 1897இலேயே எல்ஸ்வொர்த் ஸ்வோயர் பெற்றிருந்தாலும், வீட்டுக்கு வீடு கொண்டுபோனது 1920களில் கார் உற்பத்தியில் மிஞ்சிய மரத்துண்டுகளை என்ன செய்வதென்று யோசித்த ஹென்றி ஃபோர்டின் நிறுவனம். பிரிக்கெட் சீராக எரியும். சாம்பலும் நிறையத் தரும். அந்தச் சாம்பல் கமாடோவின் அடித் துளைகளில் அடைந்தால் ஒன்றரை பாஸ்கல் இழுப்பால் அதைத் தள்ள முடியாது. பெரிய கட்டைகளை அடியிலும் சிறியவற்றை மேலும் அடுக்குவதும் அதே காரணத்துக்காகத்தான். பற்றவைக்க மண்ணெண்ணெய் ரகத் திரவம் எதுவும் வேண்டாம். பீங்கான் அதை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பல சமையல்களுக்கு அந்த நாற்றத்தைத் தவணை முறையில் திருப்பித் தரும். மெழுகு தோய்த்த மரத்தூள் கட்டியோ மின் பற்றவைப்பானோ போதும்.

பற்றவைத்ததும் கிளம்பும் அடர்ந்த வெண்புகை அடங்கும்வரை இறைச்சியை உள்ளே வைக்கக்கூடாது. அரைகுறையாக எரிந்த ஆவிகளின் கசப்பு அது. நெருப்பு தெளிந்ததும் புகை மெலிந்து, நீலம் ஓடியது போலத் தெரியும். ஹிக்கரி, ஓக், ஆப்பிள் மரத் துண்டுகளைக் கரிக்கிடையே செருகினால், மரத்தின் லிக்னின் சிதைந்து குவயக்கால், சிரிஞ்சால் போன்ற பொருட்கள் பிறக்கின்றன. புகைச்சுவை என்று நாக்கு உணர்வது பெரும்பாலும் இவற்றைத்தான். மரத்துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லும் பழைய ஆலோசனையை விட்டுவிடலாம். உள்ளே இறங்கும் நீர் மிகக் குறைவு. அது ஆவியாகும்வரை புகை வருவது தாமதமாகும், அவ்வளவே.

மெதுச்சூட்டுச் சமையலில் புதியவரை அதிகம் பயமுறுத்துவது ‘ஸ்டால்’. ஐந்தாறு கிலோ எடையுள்ள பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுப் பகுதி, காலையிலிருந்து அழகாகச் சூடேறிக்கொண்டிருக்கும். 65, 70 டிகிரிக்கு வந்ததும் அப்படியே நிற்கும். ஒரு மணி, இரண்டு மணி, சில நேரம் நான்கு மணி நேரம். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். பதறிப்போய்க் கதவை அகலத் திறந்தால் முன்பு சொன்ன ஓட்டம்தான்.

கொழுப்பு உருகுவதால், கொலாஜன் கரைவதால் என்று பலரும் காரணம் சொல்லிவந்தார்கள். இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் இதை நேரடியாகச் சோதித்தார்: நனைந்த ஸ்பஞ்ச் ஒன்றையும் ஒரு கொழுப்புக் கட்டியையும் இறைச்சியோடு சேர்த்துச் சூடேற்றினார். கொழுப்பு எங்கேயும் நிற்காமல் ஏறியது. இறைச்சியே இல்லாத ஸ்பஞ்ச் நின்றது. ஆக, காரணம் ஆவியாதல். இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து ஒரு கிராம் நீர் ஆவியாக 2.26 கிலோஜூல் வேண்டும். அந்த வெப்பம் அரைக் கிலோ இறைச்சியை ஒரு டிகிரிக்கும் மேல் சூடாக்கியிருக்கும். உள்ளே வரும் வெப்பமும் வியர்வையில் போகும் வெப்பமும் சமமாகும் இடத்தில் இறைச்சியின் சூடு நிற்கிறது. மேற்பரப்பு உலர்ந்ததும் மறுபடி ஏறும். அவசரமென்றால் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி ஆவியை மறிக்கலாம். டெக்சாஸ்காரர்களின் பழைய தந்திரம் அது. கமாடோவில் காற்றோட்டமே சிக்கனமானது என்பதால் ஈரம் உள்ளேயே தங்குகிறது; அதிகக் காற்றோட்டமுள்ள எஃகு அடுப்புகளைவிட இறைச்சி குறைவாகவே உலர்கிறது.

கொலாஜனுக்கும் ஒரு பங்கு உண்டு, ஆனால் வேறு விதத்தில். விறைப்பான இணைப்புத் திசு மெல்ல மெல்ல ஜெலட்டினாக மாறுவதற்கு 70 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் வேண்டும். பன்றித் தோள்கறியை 93, 95 டிகிரி வரை கொண்டுபோய் விரலால் பிய்க்கும் பதத்துக்கு எடுப்பது அதனால்தான். கோழிக்கு 74 டிகிரி போதும். அமெரிக்க வேளாண் துறையின் பாதுகாப்பு அளவு அது. பழகுவதற்குப் பன்றித் தோள்கறிதான் உத்தமம். பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்கினாலும் அது மன்னித்துவிடும். பிரிஸ்கெட் மன்னிக்காது.

அதிகச் சூட்டில் இதே அடுப்பு வேறு பிறவி எடுக்கிறது. 110 டிகிரியில் உள்ள மூடி, கீழே இருக்கும் உணவின்மேல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோவாட் கதிர்வீச்சு பொழிகிறது. 350 டிகிரியில் அது 8.5 கிலோவாட். தனி வெப்பநிலை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, கதிர்வீச்சு ஏழு மடங்கு. தனி வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்பக் கதிர்வீச்சு உயர்கிறது என்ற ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் விதி செய்யும் வேலை. பீட்சாவின் அடி கல்லில் வெந்துகொண்டிருக்க மேற்பரப்பு மூடியின் கதிரில் பொன்னிறமாவதும், ஸ்டேக்கின் மேற்பரப்பில், இறைச்சியைப் பழுப்பாக்கும் மயார்டு வினைகள் சில நிமிடங்களில் மேலோடு கட்டுவதும் இந்தப் பெருக்கத்தால்.

ஆபத்தும் இங்கேதான். ஸ்டேக் சுட்டு முடித்துக் கதவுகளை மூடியபின், உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிடும், கங்கு உடனே அணையாது. கரியின்மேல் உருவான கார்பன் டை ஆக்சைடு அந்தச் சூட்டில் மறுபடி கரியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாகிறது. எரியக்கூடிய வாயு நிரம்பிய, எரியப் போதிய சூடுள்ள, ஆக்சிஜன் மட்டும் இல்லாத ஓர் அறை. அந்த நேரத்தில் மூடியை விருட்டென்று திறந்தால் காற்று பாய்ந்து ஒரு தீக்கோளம் எழும்பும். புருவத்தையும் முன்கை மயிரையும் இதற்குக் காணிக்கையாகக் கொடுத்தவர்கள் ஏராளம். மூடியை இரண்டு அங்குலம் மட்டும் தூக்கி, சில நொடிகள் காற்று புகவிட்டு, மறுபடி இறக்கி, இரண்டு மூன்று முறை செய்தபின் திறப்பது அவர்கள் சொல்லித்தரும் வழக்கம். ஏப்பம் விடவைப்பது என்கிறார்கள். அதே கார்பன் மோனாக்சைடு காரணமாக, மழை பெய்கிறதே என்று அடுப்பைக் கார் ஷெட்டுக்குள் தள்ளிச் சமைப்பது உயிரோடு விளையாடுவதாகும். அணையும் நிலையில் உள்ள கங்குகூட அதை வெளியிட்டுக்கொண்டே இருக்கும்.

சமையல் முடிந்ததும் இரண்டு கதவுகளையும் அடைத்துவிட்டால் நெருப்பு மூச்சுமுட்டி அணையும். மிஞ்சிய கரி அடுத்த தடவைக்கு. கம்பித் தட்டைத் தேய்க்க உலோகக் கம்பிப் பிரஷ் பயன்படுத்துவதை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். உதிர்ந்த கம்பி உணவோடு போய்த் தொண்டையிலும் குடலிலும் குத்திய ஆறு நோயாளிகளைப் பற்றி, ரோட் ஐலண்டு மாநில மருத்துவர்களின் அறிக்கையை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் வெளியிட்டது. சூடான தட்டில் மரச் சுரண்டியே போதுமான வேலை செய்யும்.

பீங்கானைச் சோப்புப் போட்டுக் கழுவத் தேவையில்லை, கழுவவும் கூடாது. நுண்துளைகள் நீரைக் குடிக்கும், சூட்டில் அது ஆவியாகி வெடிப்பை உண்டாக்கும். குளிர்காலத்தில் உறைந்தாலும் அதே கதை. சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் சொல்லவே வேண்டாம். மாதக்கணக்கில் மூடியே கிடந்த அடுப்பைத் திறக்கும்போது உள்ளே பூஞ்சை வெள்ளையாகப் பூத்திருப்பதைக் கண்டு சிலர் அடுப்பே போயிற்று என்று நினைப்பதுண்டு. கொழுப்பும் ஈரமும் இருட்டும் சேர்ந்தால் பூஞ்சை வரத்தான் செய்யும். பழைய கரியைக் கொட்டிவிட்டு, புதுக் கரி நிரப்பி, 250 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் எரியவிட்டால் எல்லாம் சாம்பலாகிவிடும். ஆறியபின் அந்தச் சாம்பலைக் கீழ்க் கதவு வழியாக வாரி எடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த நாள் காற்று ஏறாது.